தப்பாகப் போட்ட வருமான வரி ரிட்டர்ன்: நோட்டீஸ் வரும் முன் திருத்திக்கொள்ளலாமா?

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் 38 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

2023 ஜூலை வரை அவர் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தார். ஆகஸ்டில் இப்போதைய கம்பெனிக்கு மாறினார். நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் வந்ததால் பழைய கம்பெனியில் மனக்கசப்பு. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றான ஃபார்ம் 16 கேட்டு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. 2024 ஜூலையில், ஆபீஸில் பலருக்கும் ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் ஒரு ஏஜென்ட்டிடம் புதுக் கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் கொடுத்தார். சம்பளத்திலேயே பிடித்த வரி (டி.டி.எஸ்.) ரூ. 33,800-ம் அப்படியே ரீஃபண்டாக வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஏஜென்ட்டுக்குப் போனது. "டொனேஷன்னு ஒரு லட்சம் காட்டியிருக்கேன், எல்லாருக்கும் இப்படித்தான் போடுறேன்" என்று அவர் சொன்னாராம். வாசகி மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஆண்டு (2025) செப்டம்பரிலும் அதே ஏஜென்ட், அதே டொனேஷன். இந்த முறை ரீஃபண்ட் இன்னும் வரவில்லை.

போன மாதம் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வருமான வரித்துறையிடமிருந்து, பழைய கணக்கை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் 148ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது. அவருக்கும் இதே ஏஜென்ட்தான். அதிலிருந்து தூக்கம் இல்லை என்கிறார் வாசகி. கணவரோ, "ரீஃபண்டே வந்தாச்சு, ஒரு வருஷமும் ஓடிப்போச்சு, நீயா போய் எதுக்கு மாட்டிக்கிறே?" என்கிறார். ஏஜென்ட்டைக் கேட்டால், "ரெக்டிஃபிகேஷன் போட்டுக்கலாம், வரி எதுவும் கட்ட வேண்டாம்" என்கிறார். வங்கி எஃப்.டி. வட்டி இரண்டு ஆண்டும் காட்டப்படவில்லை. வங்கி டி.டி.எஸ். பிடிக்காததால் அதற்கு வரி இல்லை என்று நினைத்திருந்தாராம். அம்மாவுக்குக் கட்டும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை இந்த ஆண்டு கழிவில் கேட்கவும் விட்டுப்போயிருக்கிறது. "நான் என்ன செய்ய வேண்டும்? ஜெயில் வரைக்கும் போகுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது நெஞ்சில் இருக்கும்வரை மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. பொய்யான தகவல் கொடுத்து வேண்டுமென்றே வரி ஏய்த்தால் வழக்குத் தொடரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நோட்டீஸ் வரும் முன் தானாக முன்வந்து, வரியும் வட்டியும் கட்டித் திருத்திக்கொள்பவருக்காகவே அதே சட்டத்தில் தனி வழி இருக்கிறது. இதை எழுதும் 2025 நவம்பரில், உங்களுடைய இரண்டு ஆண்டுகளுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. இரண்டுக்கும் வழி வேறு, கெடு வேறு, ஆகும் செலவும் வேறு.

ரீஃபண்ட் வந்தால் கணக்கு முடிந்துவிடுமா?

உங்கள் கணவர் சொல்வதைத்தான் பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்திலிருந்து 143(1) பிரிவின்கீழ் ஒரு அறிவிப்பு வரும், பின்னாலேயே பணம் வரும். அத்தோடு சரி என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அறிவிப்பு கம்ப்யூட்டர் போடும் கூட்டல் கழித்தல் சரிபார்ப்புதான். நீங்கள் நிஜமாகவே நன்கொடை கொடுத்தீர்களா, வேறு கம்பெனியில் சம்பளம் வாங்கினீர்களா என்றெல்லாம் யாரும் அப்போது விசாரிப்பதில்லை.

விசாரிக்கத் துறைக்கு நிறைய நேரம் இருக்கிறது. விட்டுப்போன வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை மறுமதிப்பீட்டுக்கான 148 நோட்டீஸ் அனுப்பலாம். உங்கள் 2023-24 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2024-25. அது 2025 மார்ச் 31-ல் முடிந்தது. அப்படியென்றால் 2028 ஜூன் 30 வரை உங்கள் கதவைத் தட்டலாம். "ஒரு வருஷம் ஓடிப்போச்சு" என்பது ஒரு பாதுகாப்பே இல்லை.

அதிலும் இந்த டொனேஷன் விஷயத்தைத் துறை இப்போது சல்லடை போட்டுத் தேடுகிறது. 2025 ஜூலை 14 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் ஆட்களைக் குறிவைத்து நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை நடந்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, ரூ. 1,045 கோடி அளவுக்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் அதே குறிப்பில் இருக்கிறது. உங்களைப் போல எழுதிக் கேட்காமலே திருத்திக்கொண்டவர்கள் அவர்கள். ஏஜென்ட்டிடம் சோதனை நடந்தால் அவரிடம் இருக்கும் பெயர்ப் பட்டியல் முழுவதும் துறையின் கைக்குப் போகும். பக்கத்து சீட்டுக்கு நோட்டீஸ் வந்திருப்பதை அப்படித்தான் பார்க்க வேண்டும். உங்கள் பெயரும் அதே பட்டியலில் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். "ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது" என்ற வாதம் நிற்பது கடினம். ரிட்டர்னின் கடைசியில் 'இதில் உள்ளவை உண்மை' என்ற உறுதிமொழி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் போனுக்கு வந்த ஆதார் ஓ.டி.பி.யைச் சொன்னது நீங்கள். ஒரு லட்சம் கொடுக்காமலே கொடுத்ததாக எழுதியிருக்கிறார் என்பதும் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அதிகாரி முன்னால் இதை மறைக்க முயன்றால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில் இந்த ஆண்டின் ரிட்டர்ன்: டிசம்பர் 31-க்குள்

பழைய தவறு பெரியது என்பதால் அதைத்தான் முதலில் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். 2024-25 நிதியாண்டுக்கு நீங்கள் செப்டம்பரில் போட்ட ரிட்டர்னை, 139(5) பிரிவின்கீழ் திருத்திய ரிட்டர்ன் போட்டு 2025 டிசம்பர் 31 வரை மாற்றலாம். ஆடிட்டர் ஆபீஸ்களில் இதை 'ரிவைஸ்டு' என்போம். இதற்கு அபராதம் கிடையாது, தாமதக் கட்டணமும் கிடையாது. கட்டிய வரி போதவில்லை என்றால் மிச்ச வரியும் அதற்கான வட்டியும் மட்டும்தான். ரீஃபண்ட் இன்னும் வராதது உங்களுக்கு நல்லதுதான், திருத்திய கணக்கின்படி எவ்வளவோ அது மட்டும் வரும், அல்லது கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் உங்களுக்குச் சாதகமான திருத்தமும் செய்யலாம். டொனேஷனை எடுத்துவிட்டு, எஃப்.டி. வட்டியைச் சேர்த்துவிட்டு, கூடவே அம்மாவின் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை, அதற்கான கழிவுப் பிரிவான 80டி-யில் கேளுங்கள். அம்மாவுக்கு 66 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்த குடிமகன் என்பதால் ரூ. 50,000 வரை இடம் உண்டு, நீங்கள் கட்டிய 31,000 முழுவதும் கழியும். பிரீமியத்தைப் பணமாகக் கட்டியிருக்கக் கூடாது, வங்கி வழியாகவோ கார்டிலோ போயிருக்க வேண்டும்.

எஃப்.டி. வட்டி பற்றி ஒரு வார்த்தை. வருடத்துக்கு ரூ. 40,000-ஐத் தாண்டினால்தான் வங்கி டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்பது அந்த இரண்டு ஆண்டுகளிலும் இருந்த விதி. அது வங்கிக்கான வரம்பு. உங்களைப் பொறுத்தவரை எஃப்.டி. வட்டி முதல் ரூபாயிலிருந்தே வருமானம்தான். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு இருக்கும் ரூ. 10,000 கழிவும் எஃப்.டி.க்குப் பொருந்தாது.

2023-24: ஐ.டி.ஆர்-யு

2023-24 நிதியாண்டுக்கான திருத்திய ரிட்டர்ன் கெடு 2025 ஜனவரி 15-லேயே முடிந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது 139(8ஏ) பிரிவின்கீழ் வரும் அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது ஐ.டி.ஆர்-யு. 2022-ல் வந்த வசதி இது. முதலில் 2 ஆண்டு அவகாசம் இருந்தது, 2025 பட்ஜெட்டில் அதை 4 ஆண்டாக நீட்டினார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட விலை ஏறும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால், கட்ட வேண்டிய வரி, வட்டி இரண்டையும் கூட்டி அதன்மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு 50, அப்புறம் 60, கடைசி ஆண்டு 70. உங்களுக்கு 25 சதவீதம் என்பது 2026 மார்ச் 31 வரைதான்.

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுக் கம்பெனிச் சம்பளம், சேரும்போது கொடுத்த போனஸ் உட்பட, ரூ. 9,75,000. சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 50,000, பி.எஃப்., எல்.ஐ.சி. வகையில் 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 1,75,000 போக மிச்சம் 6,00,000. அதற்குப் பழைய வரி முறையில் வரி 33,800. கம்பெனி சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஏஜென்ட் ஒரு லட்சம் டொனேஷன் போட்டதன் காரணம் இங்கே தெரியும். 6 லட்சத்தை மிகச் சரியாக 5 லட்சத்துக்கு இறக்கியிருக்கிறார். பழைய முறையில் 5 லட்சத்துக்குள் வந்துவிட்டால் 87ஏ கழிவில் வரி மொத்தமும் பூஜ்யம். ரவுண்டாக 5 லட்சத்தில் வந்து நிற்கும் ரிட்டர்ன்களைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். துறையின் கம்ப்யூட்டருக்கும் வராமல் இருக்காது.

நிஜக் கணக்கு இது: 9,75,000-உடன் பழைய கம்பெனியில் வாங்கிய 2,40,000, எஃப்.டி. வட்டி 35,000. மொத்தம் 12,50,000. உண்மையான கழிவுகள் போக 8,75,000. வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து ரூ. 91,000. பிடித்த 33,800 ரீஃபண்டாக உங்களிடமே திரும்பி வந்துவிட்டதால், 91,000-ம் முழுதாகக் கட்ட வேண்டும். மாதம் 1 சதவீதக் கணக்கில் வரும் வட்டி இந்த மாதத்துக்குள் கட்டினால் சுமார் 14,000. இதன்மேல் 25 சதவீதம். எல்லாம் சேர்த்து ரூ. 1.3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மார்ச் 31-ஐத் தாண்டினால் இதுவே 1.6 லட்சத்தைத் தாண்டிவிடும். ரீஃபண்டோடு வந்த சின்ன வட்டியையும் திருப்ப வேண்டியிருப்பதால், கடைசி எண் சில நூறு ரூபாய் மாறலாம்.

பெரிய தொகைதான், தெரிகிறது. கட்டாமல் இருந்து பிடிபட்டால் என்ன ஆகும் என்பதோடு வைத்துப் பாருங்கள். 270ஏ பிரிவின்படி, வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதம் அபராதம். கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகக் காட்டுவது போன்ற பொய்த் தகவலுக்கு 200 சதவீதம். வரியும் வட்டியும் தனி. உங்கள் கணவரிடம் இந்த ஒரு பத்தியைக் காட்டுங்கள்.

ஐ.டி.ஆர்-யு போடும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்:

- ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் போட முடியும். டொனேஷனை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய கம்பெனிச் சம்பளத்தை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால், அப்புறம் என்பதே கிடையாது.

- பணத்தை முழுதாகக் கட்டி, அந்த சலான் விவரத்தோடுதான் தாக்கல் செய்ய வேண்டும். தவணை கிடையாது. தொகை தயாராக இல்லையென்றால் மார்ச் வரை அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த காரணத்தால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

- அந்த ஆண்டுக்கு மறுமதிப்பீடு தொடங்கிவிட்டாலோ, சோதனை நடந்தாலோ இந்த வழி மூடிவிடும். உங்கள் சக ஊழியர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், கூடுதல் வரி கட்டித் தப்பிக்கும் உரிமை கையில் இருக்குமா என்பது சந்தேகம். 'உங்கள் ரிட்டர்னைச் சரிபாருங்கள்' என்று எஸ்.எம்.எஸ்.ஸோ மெயிலோ மட்டும் வந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது நினைவூட்டல்தான், அதன் பிறகும் போடலாம்.

எஃப்.டி.யை உடைத்தாவது டிசம்பருக்குள் கட்டிவிடுங்கள் என்பது என் கருத்து. எஃப்.டி.யில் கிடைக்கும் வட்டியைவிட இங்கே ஏறும் வட்டி அதிகம்.

ஏஜென்ட் சொல்லும் ரெக்டிஃபிகேஷன்

154-வது பிரிவில் ரெக்டிஃபிகேஷன் இருக்கிறது, உண்மைதான். உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் தெரியும் டி.டி.எஸ்.ஸுக்குச் செயலாக்க மையம் வரவு கொடுக்காமல் விட்டது, கூட்டலில் பிழை என்பது போல, கோப்பைப் பார்த்தாலே தெரியும் தவறுகளுக்கானது அது. நான்கு ஆண்டு வரை கேட்கலாம். காட்டாத சம்பளத்தைக் காட்டுவதற்கோ, இல்லாத நன்கொடையை வாபஸ் வாங்குவதற்கோ அது இல்லை. வரி கட்டாமல் இந்தத் தவறைச் சரிசெய்யும் படிவம் எதுவும் சட்டத்தில் இல்லை. அப்படிச் சொல்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, தன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறார்.

இதே பக்கத்தைப் படிக்கும் வேறு சிலருக்கு நேர் எதிரான பிரச்சினை இருக்கும்: பழைய ஆண்டில் கழிவு கேட்க மறந்து, அதிகமாக வரி கட்டியவர்கள். வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ ஐ.டி.ஆர்-யு போட முடியாது. அவர்கள் தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(பி) பிரிவில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கை சொல்கிறது. நியாயமான காரணமும் ஆதாரமும் கேட்பார்கள்.

பழைய கம்பெனி கைவிரித்தால்

அவர்களை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உங்களுக்கு டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்றால் ஃபார்ம் 16 தர வேண்டிய கட்டாயமும் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. வருமான வரி இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டு தகவல் அறிக்கையை இறக்கிப் பாருங்கள், சம்பளம் அதில் பதிவாகியிருக்கலாம். இல்லையென்றால் நான்கு மாத பே-ஸ்லிப்பும் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த வரிகளும் போதும். பே-ஸ்லிப்பில் உள்ள மொத்தச் சம்பளத்தை எடுங்கள், வங்கியில் விழுந்தது பி.எஃப். போன்ற பிடித்தங்கள் போக மிச்சம். அடுத்த முறை வேலை மாறினால், சேரும்போதே ஃபார்ம் 12பி-யில் முந்தைய சம்பளத்தைப் புதுக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து அவர்களே வரி பிடிப்பார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எந்த மெயில், எந்த மொபைல் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இத்தகைய ஏஜென்ட்கள் தற்காலிக மெயில் முகவரி ஒன்றை உருவாக்கி, மொத்தமாக ரிட்டர்ன்களை அதிலேயே போட்டுவிட்டு, பிறகு அதைக் கைவிட்டுவிடுவதாக அந்த ஜூலைக் குறிப்பிலேயே வாரியம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தாலும் உரியவருக்குத் தெரியாமலே கிடக்கும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மெயிலையும் மொபைலையும் உங்களுடையதாக்குங்கள், 'நிலுவையில் உள்ள நடவடிக்கைகள்' பகுதியைத் திறந்து உங்கள் பெயரில் ஏற்கெனவே ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் இந்தக் கடிதத்தில் நான் சொன்ன வரிசையே மாறும், உடனே ஒரு ஆடிட்டரை நேரில் பாருங்கள்.

இரண்டு ஆண்டு ரிட்டர்னையும் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். 80ஜிஜிசி என்ற பகுதியைத் தேடுங்கள், ஏஜென்ட் காட்டிய டொனேஷன் அரசியல் கட்சிக்கு என்றிருந்தால் அங்கேதான் வரும். தேதி, தொகை, பரிவர்த்தனை எண், வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் எல்லாம் நிரப்பப்பட்டிருக்கும். உங்கள் வங்கிக் கணக்கில் அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு தலைப்பிலும் ஏதாவது நுழைத்திருக்கிறாரா என்று வரி வரியாகப் படியுங்கள். ரசீது தயார் செய்து தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். இப்போது உங்கள் பக்கம் இருப்பது ஒரு தவறான ரிட்டர்ன். போலி ரசீது கைக்கு வந்தால் அது போலி ஆவணமாகிவிடும்.

அவர் எடுத்துக்கொண்ட கமிஷனைத் திரும்பக் கேட்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். கேட்கலாம், ஆனால் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு டிசம்பரைத் தவற விடாதீர்கள். திருத்திய ரிட்டர்ன், ஐ.டி.ஆர்-யு இரண்டையும் அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இரண்டையும் தனித்தனியாக ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிடுங்கள், அதைத் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் நாளாகும், சரிபார்க்கவே இல்லையென்றால் தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது. இந்த முறை ஓ.டி.பி. வரும்போது, திரையில் இருக்கும் எண்களை முழுதாகப் படித்துவிட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.